துணிச்சல் இருக்கட்டும், முதலில் துணியைப் பார்ப்போம்

ஸ்கர்ட் போட்டுக்கொண்டு வெளியே கிளம்ப நினைக்கும் ஆணுக்குக் கிடைக்கும் அறிவுரையில் முக்கால்வாசி மனதைப் பற்றியது. தலை நிமிர்ந்து நடங்கள், யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், இந்த மாதிரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் போட்ட ஸ்கர்ட் அலமாரியின் அடிக்குப் போவதற்கு ஊர் வாய் மட்டும் காரணமில்லை. நடக்க நடக்க வழுக்கி இறங்கும் இடுப்புப் பட்டி, உட்கார்ந்தால் தொடைக்கு ஏறும் விளிம்பு, கைபேசி வைக்கப் பை இல்லாதது, மதியத்துக்குள் சிவந்து எரியும் உள்தொடை என்று காரணங்கள் நிறைய. இவை எதுவும் துணிச்சலால் சரியாகாது. அளவு நாடாவாலும் கத்தரிக்கோலாலும் சரியாகும்.

முதலில் பெயர்க் குழப்பம். 'பாவாடை' என்றால் கேட்பவருக்குச் சிறுமிகள் ஞாபகம் வரும், 'உள்பாவாடை' வேறு சங்கதி. தைக்கக் கொடுக்கும்போது ஸ்கர்ட் என்றே சொல்லுங்கள். "பேன்ட் அளவில் ஸ்கர்ட்" என்றால் இன்னும் நல்லது. அப்படிச் சொன்னதுமே தையல்காரர் கை தானாகச் சரியான இடத்தில் நாடாவை வைக்கும்.

வேட்டி கட்டிப் பழகியவருக்கு ஸ்கர்ட் எளிது என்பது பாதி உண்மை. கால்களுக்கிடையே காற்று போவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் வேட்டி, லுங்கி, சாரோங் எல்லாம் சுற்றிக் கட்டும் துணிகள். தளர்ந்தால் அவிழ்த்து இறுக்கிக்கொள்ளலாம், படி ஏறும்போது மடித்துக் கட்டிக்கொள்ளலாம். தைத்த ஸ்கர்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. காலையில் என்ன அளவோ, வயிறு நிறைந்த பிறகும் அதே அளவு. வெட்டும்போது செய்கிற தவறு நாள் முழுக்கக் கூடவே வரும்.

பெண்களுக்கு வெட்டியது ஏன் நிற்பதில்லை

கடையில் தொங்கும் ஸ்கர்ட்டில் பெரும்பாலானவை பெண் உடலுக்கு வெட்டியவை. அந்த வெட்டில் இடுப்புக்கும் சீட்டுக்கும் (புட்டத்தின் பெருத்த பகுதியைத்தான் தையல்காரர்கள் சீட் என்கிறார்கள்) 20 முதல் 25 செ.மீ. வரை வித்தியாசம் வைத்திருப்பார்கள். ஆண் உடலில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் 8 முதல் 15 செ.மீ.தான். இடுப்பைப் பார்த்து வாங்கினால் இரண்டு பக்கமும் சீட் அருகே துணி காது மாதிரி புடைத்து நிற்கும். சீட்டைப் பார்த்து வாங்கினால் மேலே கொக்கி மாட்டாது. எலாஸ்டிக் வைத்தது தப்பித்துவிடும், அதனால்தான் முதல் ஸ்கர்ட்டாக அதையே பலரும் எடுக்கிறார்கள். ஆனால் எலாஸ்டிக் சுருக்கம் வயிற்றைச் சுற்றி ஒரு வளையம் போலத் துருத்தும். சட்டையை உள்ளே விட்டால் இன்னும் மோசம்.

இன்னொரு சிக்கல் பட்டி எங்கே உட்கார்கிறது என்பது. பேன்ட் போட்டுப் பழகிய ஆண், தொப்புளுக்கு 5 முதல் 8 செ.மீ. கீழே, இடுப்பெலும்பின் மேல்தான் 'இடுப்பு' என்று உணர்கிறார். அந்த இடத்தில் உடம்பு கிட்டத்தட்ட நேர் உருளை. பேன்ட் அங்கே நிற்பதற்குக் கால்களுக்கிடையே போகும் தையலும் ஒரு காரணம். ஸ்கர்ட்டில் அந்தத் தையல் இல்லை. தாங்கிப் பிடிக்கப் பட்டி ஒன்றுதான். ஆகவே இரண்டில் ஒன்று: ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்பு ஸ்கர்ட்டான கில்ட் போலத் தொப்புள் உயரத்துக்கு ஏற்றி, உடம்பு குறுகும் இடத்தில் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் பெல்ட் போட லூப் வையுங்கள். லூப்பும் இல்லாமல் கீழிடுப்பில் நிற்கும் ஸ்கர்ட், கைபேசியைப் பையில் போட்டதும் இறங்கத் தொடங்கும்.

அளவு எடுக்கும்போது நீளத்தை ஒரு இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று. பட்டி உட்காரும் இடத்தில் ஒரு நாடாவைச் சுற்றிக் கட்டி, அதிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று மூன்று இடத்திலும் அளந்துகொள்ளுங்கள். தொப்பை இருப்பவருக்கு முன்பக்க அளவு 1 முதல் 3 செ.மீ. வரை கூடுதலாக வரும். துணி வயிற்றின் மேல் ஏறி இறங்க வேண்டும் அல்லவா? இதைக் கவனிக்காமல் நான்கு பக்கமும் ஒரே நீளம் வெட்டினால் முன் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முன்னால் சாய்வாக மேலே, பின்னால் சாய்வாகக் கீழே. பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றும். பின் விளிம்பை வெட்டிச் சமன் செய்வதுதான் எல்லோரும் செய்யும் வைத்தியம். அது தவறு. அப்படிச் செய்தால் பக்கத் தையல் முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். முன் துண்டின் மேல் ஓரத்தில், நடுவில் மட்டும் அந்தக் கூடுதல் அளவைச் சேர்த்து, பக்கங்களை நோக்கி வளைவாகக் குறைத்து வெட்ட வேண்டும். பக்கத் தையல் செங்குத்தாக விழும், விளிம்பும் தரைக்குச் சமமாக நிற்கும்.

நீளமும் விளிம்பின் சுற்றளவும்

நின்றபடி கண்ணாடி பார்த்து நீளம் முடிவு செய்யாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். உட்காரும்போது விளிம்பு ஏறக்குறைய 8 முதல் 10 செ.மீ. மேலேறும். நிற்கும்போது முழங்காலுக்கு மேல் நிற்கிற ஸ்கர்ட் உட்கார்ந்தால் பாதித் தொடைக்குப் போய்விடும். எதிர் இருக்கையில் இருப்பவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். அன்றாடப் பயன்பாட்டுக்கு முழங்கால் சில்லின் நடுவிலிருந்து 5 செ.மீ. கீழே வரை நல்ல நீளம். கெண்டைக்காலின் நடுவில் நிற்பது பலருக்கு எடுப்பாக இருக்காது. காலின் தடித்த இடத்தில் கோடு விழுந்து ஆள் குட்டையாகத் தெரிவார். ஒன்று முழங்காலோடு நிறுத்துங்கள், இல்லை கணுக்காலுக்கு 8 செ.மீ. மேலே கொண்டுபோங்கள்.

நீளம் கூடக் கூட விளிம்பு அகல வேண்டும். வேகமாக நடக்கும் ஆண் எடுத்துவைக்கும் எட்டு பெரியது. முழங்கால் நீளத்துக்கு விளிம்புச் சுற்றளவு 130 முதல் 140 செ.மீ. இருந்தால் கால் தடுக்காது. கணுக்கால் நீளத்துக்கு 170-க்குக் குறையக்கூடாது. அதற்கும் குறைவென்றால் பக்கத்திலோ பின்னாலோ முழங்கால் உயரத்துக்கு வெட்டு வைக்க வேண்டும். மியான்மரில் கட்டும் லௌஞ்சி ஏறக்குறைய 2 மீட்டர் துணியை உருளையாக மூட்டியது. மிச்சத் துணி முன்னால் மடிப்பாக விழுந்து, நடக்கும்போது விரிந்து இடம் கொடுக்கிறது. தைத்த ஸ்கர்ட்டில் அந்த மடிப்பின் வேலையை விரிவோ வெட்டோ கொசுவமோதான் செய்தாக வேண்டும்.

வட்டப் பாவாடை வெட்டு ஆண்களுக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. கணக்கு எளிது: இடுப்பை 6.28-ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம். 92 செ.மீ. பட்டிக்கு 14.6. நீளம் 62 வைத்தால் விளிம்பு 480 செ.மீ. வரும். லேசான காற்றுக்கே குடைதான். அரைவட்டம் பரவாயில்லை: இடுப்பை 3.14-ஆல் வகுத்து 29.3 ஆரம், விளிம்பு 287. ஆனால் வட்ட வெட்டில் துணியின் சில பகுதி இழை ஓட்டத்துக்குக் கோணலாக வரும், தொங்கத் தொங்க அங்கே மட்டும் நீளும். ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்ட பிறகே விளிம்பை மடித்து அடிக்க வேண்டும். பொறுமையில்லாமல் அன்றே அடித்தவர் ஒரு வாரத்தில் அலையலையான விளிம்பைப் பார்ப்பார்.

ஒரு எளிய ஏ-லைன் ஸ்கர்ட்: வெட்டும் கணக்கு

தொடக்கத்துக்கு, மேலே குறுகிக் கீழே மெல்ல விரியும் ஏ-லைன்தான் நல்லது. இடுப்பு 90, சீட் 102, நீளம் 62 என்று வைத்துக்கொள்வோம். பட்டிக்கு 2 செ.மீ. தளர்வு சேர்த்து 92. சீட்டுக்கு 4 சேர்த்து 106. முன் துண்டும் பின் துண்டும் சீட் உயரத்தில் தலா 53. மேலே குறைக்க வேண்டியது 14 செ.மீ. அதில் 8-ஐப் பக்கத் தையல்களில் எடுங்கள்: நான்கு ஓரத்திலும் தலா 2. மிச்சம் 6-ஐப் பின்பக்கம் இரண்டு டார்ட்டில் (துணியை உள்பக்கம் ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பதுதான் டார்ட்), ஒவ்வொன்றும் 3 அகலம், 11 நீளம். முன்பக்கம் டார்ட் வேண்டாம். வயிற்றின் மேல் டார்ட் அடித்தால் அதன் முனை சரியாகத் தொப்பையின் மேட்டில் போய்க் குத்திக்கொண்டு நிற்கும். இப்படி வெட்டினால் மேலே முன் துண்டு 49, பின் துண்டு 43. பெண்களுக்கான வெட்டில் முன், பின் வித்தியாசம் இவ்வளவு இருக்காது.

விளிம்பு ஒவ்வொரு துண்டிலும் 70. தையலுக்குப் பக்கத்துக்கு ஒன்றரை விட்டால் 73. 150 செ.மீ. அகலத் துணியில் இரண்டு துண்டும் பக்கம் பக்கமாக அடங்கும். பட்டிக்கும் பைகளுக்கும் சேர்த்து 1.2 மீட்டர் போதும். துணி 110 அகலம் என்றால் ஒன்றன்கீழ் ஒன்று வைக்க வேண்டும், ஒன்றரை மீட்டர். வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். காட்டன் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 62 செ.மீ. நீளத்தில் அது 2 முதல் 3 செ.மீ.

துணியின் கனம் 250 முதல் 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். ட்வில், டிரில், கனமான லினன், மெல்லிய டெனிம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பேன்ட் தைக்கிற துணி என்று கேட்டாலே போதும். சட்டைத் துணி 120 சொச்சம்தான். அது உள்ளாடைக் கோட்டைக் காட்டிக்கொடுக்கும், காலில் ஒட்டும், காற்றில் ஏறும். பாலியெஸ்டர் கலந்தது நடக்கும்போது மின்னேற்றம் பிடித்துத் தொடையில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ரேயான் லைனிங் கொடுத்தால் அது பெருமளவு அடங்கும். லைனிங் விளிம்பு வெளித்துணியைவிட 2 செ.மீ. குட்டையாக இருக்கட்டும், இரண்டையும் சேர்த்து அடிக்கக்கூடாது.

இனி பை. ஆணின் ஸ்கர்ட் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பக்கத் தையலில் ஒரு வாய் திறந்து உள்ளே துணிப்பை தொங்கவிடுவது எளிய வழி. ஆனால் 200 கிராம் கைபேசி அதில் விழுந்ததும் ஒவ்வொரு எட்டுக்கும் பை ஊசல்குண்டு மாதிரி ஆடித் தொடையில் இடிக்கும். பேன்ட்டில் கால் துணி அதை அணைத்துப் பிடித்திருக்கும். ஸ்கர்ட்டில் பிடிக்க ஆளில்லை. பேன்ட்டில் வைக்கிற, வாய் சாய்வாக இருக்கும் கிராஸ் பாக்கெட்டையே வையுங்கள். வாய் 16 செ.மீ., பையின் ஆழம் பட்டியிலிருந்து 26 முதல் 28. பையின் மேல் ஓரம் முழுவதையும் பட்டித் தையலுக்குள் கொடுத்துப் பிடியுங்கள். முடிந்தால் இரண்டு பைகளின் உள் ஓரத்தையும் முன் நடுவரை நீட்டி ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். பாரம் பக்கத் தையலில் தொங்காமல் பட்டி முழுக்கப் பரவும், பையும் ஆடாது. வாயின் இரண்டு முனையிலும் நெருக்கமான குறுக்குத் தையல் கட்டாயம். முதலில் கிழிவது அங்கேதான்.

பசிபிக் தீவு நாடான ஃபிஜியில் ஆண்கள் அலுவலகத்துக்குப் போடும் தைத்த ஸ்கர்ட்டின் பெயர் சுலு வகதங்கா. பை வைத்த சுலு என்று பொருள். சுற்றிக் கட்டும் துணியை அலுவலக உடையாக்கியபோது பெயரிலேயே இடம்பிடித்தது பைதான் என்பது கவனிக்கத்தக்கது. ஸ்காட்லாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். கில்ட்டில் பை கிடையாது, இடுப்புச் சங்கிலியில் முன்னால் தொங்கும் ஸ்போரன் தோல்பைதான் அதற்கு ஈடு.

பட்டி தைத்து முடித்தபின் 4 செ.மீ. அகலம் இருக்க வேண்டும், உள்ளே கேன்வாஸ் கொடுத்து. மெல்லிய பட்டி சுருண்டு மடங்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏற 3 செ.மீ. கூடுதலாக விடுங்கள். பேன்ட் கொக்கி ஒன்று, உள்பக்கம் ஒரு பொத்தான். ஜிப் 18 முதல் 20 செ.மீ. நீளம், இடப்பக்கமோ முன் நடுவிலோ. பின்னால் வேண்டாம், கை எட்டாது, உட்காரும்போது உறுத்தும். லூப் 6 அல்லது 7, அதில் ஒன்று கட்டாயம் பின் நடுவில்.

விளிம்பை மடிக்க நேர் வெட்டில் 4 செ.மீ. விடலாம். ஏ-லைனில் கீழே போகப் போகச் சுற்றளவு கூடுவதால் மடித்தது உள்ளே சுருங்கும். விரிவு குறைவான இந்த வெட்டில் 3 அல்லது 4 செ.மீ. மடிப்பை இஸ்திரி ஆவியில் அமுக்கிச் சேர்த்துவிடலாம். அரைவட்டத்துக்கு ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள்.

கொசுவம் வைத்தவை

மடிப்பு ஸ்கர்ட்டுக்குத் துணி மூன்று மடங்கு. ஒவ்வொரு மடிப்பும் மேலே தெரியும் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணியை உள்ளே விழுங்கும். முறைப்படி கையால் தைத்த கில்ட்டுக்கு 8 கெஜம், அதாவது 7.3 மீட்டர், ஒற்றை அகலக் கம்பளித் துணி போகும். எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை. அந்த எடைதான் அதைக் காற்றில் பறக்காமல் வைக்கிறது. முன்பக்கம் மடிப்பே இல்லாமல் இரண்டு தட்டையான துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று, மேல்துண்டின் ஓரம் வலப்பக்கம் முடியும். மடிப்பெல்லாம் பின்னால். பட்டியிலிருந்து சீட் வரை மடிப்புகளைக் குறுக்கிக்கொண்டே தைத்து இறக்கி, அங்கிருந்து விட்டுவிடுவார்கள். உட்காரும் பாரம் முழுவதும் அந்தத் தைத்த பகுதியில் விழுவதால் மடிப்பு கலையாது. வலப்பக்க மூலையில் குத்தும் கில்ட் ஊசி மேல்துண்டுக்கு மட்டும். அதைப் பூட்டு என்று நினைத்து இரண்டு துண்டையும் சேர்த்துக் குத்தினால் கால் அகட்டும் முதல் எட்டிலேயே துணி கிழியும். அதன் வேலை கொஞ்சம் பாரம் கொடுப்பது, அவ்வளவுதான்.

காட்டனில் மடிப்பு நிலைக்காது. சூட்டில் நிலைக்கும் தன்மை பாலியெஸ்டர் இழைக்கு உண்டு, பருத்திக்கு இல்லை. காட்டனில் மடிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் 2 மி.மீ. உள்ளே தள்ளி நெடுக்க ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். 2000-இல் சியாட்டிலில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் கனத்த காட்டனில், பக்கத்துக்கு ஒரு பெரிய பை வைத்துத் தைத்த கில்ட்களுக்குப் பேர்போனது. வேலையாட்களுக்கான உடை என்ற தோரணை அதற்கு. பையில் கருவிகளைப் போட்டால் பட்டி இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

போட்ட பிறகு

உள்தொடை உராய்வுதான் முதல் எதிரி. பேன்ட்டில் இரண்டு தொடைக்கும் நடுவில் துணி இருந்தது, இப்போது தோலோடு தோல். கால் நீளம் 15 முதல் 18 செ.மீ. உள்ள பாக்ஸர் பிரீஃப் போட்டால் முடிந்தது கதை. கால் பகுதி தளர்வாக இருந்தால் சுருண்டு மேலேறி அதுவே உரசும், எனவே கவ்விப் பிடிப்பது வேண்டும். அது பிடிக்காதவர்கள் வாசலின் தடவலாம், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. பவுடர் வியர்வையில் குழைந்து உருண்டை உருண்டையாகி நிலைமையை மோசமாக்கும். கில்ட்டுக்குள் எதுவும் போடக்கூடாது என்பது வேடிக்கைப் பேச்சு. வாடகை கில்ட் கொடுக்கும் கடைக்காரர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

உட்காரும்போது பின் துணியைக் கையால் கீழ்நோக்கித் தடவியபடி உட்காருங்கள். உட்கார்ந்த பின் முன் துணியை இரண்டு தொடைக்கும் நடுவில் அழுத்திவிட்டால் அது திரை போல விழும். அகட்டி உட்காரும் பழக்கம் உள்ளவருக்கு இந்த ஒரு அழுத்தம்தான் காப்பு. தாழ்ந்த சோபாவில் முழங்கால் இடுப்பைவிட உயரும், அங்கே பையை மடியில் வைப்பதைத் தவிர வழியில்லை. காரில் முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள்.

முதுகுப்பை மாட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பையின் அடிப்பகுதி ஒவ்வொரு எட்டுக்கும் சீட்டின் மேல் உரசி, பின் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே சுருட்டும். பத்து நிமிட நடையில் பின் விளிம்பு தொடைக்கு வந்திருக்கும், முன்னால் எதுவும் தெரியாது. வாரைக் குறுக்கிப் பையை முதுகின் மேல்பாதிக்கு ஏற்றுங்கள். தோளில் ஒருபக்கம் தொங்கும் பையும் அந்தப் பக்கத் துணியை இதே மாதிரி இழுக்கும்.

கழிப்பறையில் அகலமான ஸ்கர்ட் என்றால் முன் விளிம்பைச் சுருட்டிப் பெல்ட்டில் செருகிவிடலாம். குறுகியதைச் சுற்றிலும் ஏற்ற வேண்டியிருக்கும், அதற்குக் கதவு உள்ள அறையே மேல். வெளியே வருமுன் பின்பக்கம் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். பின் விளிம்பு உள்ளாடைப் பட்டியில் மாட்டிக்கொண்டு அப்படியே வெளியே வருவது ஸ்கர்ட் அணிந்த யாருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய விபத்து.

சைக்கிளுக்கு ஒரு நாணயமும் ஒரு ரப்பர் பேண்டும் போதும். பின் விளிம்பின் நடுவில் உள்பக்கமாக நாணயத்தை வைத்து, துணியோடு சேர்த்துக் கால்களுக்கிடையே முன்னால் இழுங்கள். முன் துணிக்கு அடியில் கொண்டுவந்து, நாணயம் இரண்டு துணியையும் முட்டும்படி வெளியே தள்ளி, அந்த முட்டின் கழுத்தில் ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றுங்கள். ஸ்கர்ட் அரைக்கால் சட்டை மாதிரி ஆகிவிடும். விளிம்பு குறுகியது என்றால் இந்த வித்தை பலிக்காது. கணுக்கால் நீளத்தோடு சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவே வேண்டாம். பின் சக்கரமும் சங்கிலியும் துணியைப் பிடித்தால் விடாது. மோட்டார் சைக்கிளில் வெறுங்கால் கெண்டையில் சைலன்சர் சூடு படும் ஆபத்து வேறு. கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம் ஓடும் பட்டறையிலும் இதே விதி: தொங்கும் துணிக்கு அங்கே இடமில்லை. நகரும் படிக்கட்டில் நீண்ட விளிம்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பக்கச் சுவரை ஒட்டாமல் நடுவில் நில்லுங்கள்.

காற்றுக்கு மருந்து எடை. விளிம்பு மடிப்புக்குள் திரைச்சீலை அடியில் போடும் எடை நாடாவைக் கோத்துவிடலாம். முன்னால் திறக்கும் சுற்று ஸ்கர்ட்டுக்கு, தொடை உயரத்தில் உள்பக்கம் ஒரு அழுத்து பொத்தான்.

மேலே என்ன போடுவது என்பது சின்ன விஷயம்தான், ஆனால் தோற்றத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். பாதி ஸ்கர்ட்டை மறைக்கும் நீளச் சட்டை நைட்டி மாதிரி காட்டும். சட்டையை உள்ளே விடுங்கள், இல்லை இடுப்போடு நிற்கும் சட்டை போடுங்கள். காலில் கனமான பூட்ஸ் இருந்தால் கீழ்ப்பாதிக்கு ஒரு நிலை கிடைக்கும்.

விதிகள், கேள்விகள்

2013-இல் ஸ்டாக்ஹோமில் ரயில் ஓட்டுநர்கள், 2017 ஜூனில் பிரான்சின் நாந்த் நகரப் பேருந்து ஓட்டுநர்கள், அதே மாதம் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பள்ளி மாணவர்கள் ஸ்கர்ட்டில் வந்தார்கள். மூன்று இடத்திலும் வெயில். மூன்று இடத்திலும் அரைக்கால் சட்டைக்குத் தடை, சீருடைப் பட்டியலிலோ ஸ்கர்ட் உண்டு. அவர்கள் கேட்டது ஸ்கர்ட் அல்ல, அரைக்கால் சட்டை. ஸ்கர்ட் ஒரு சந்து, புகுந்து வந்தார்கள். நிரந்தரமாகப் போட விரும்புபவருக்கு இந்த உதாரணங்களிலிருந்து கிடைப்பது ஒன்றுதான்: விதியின் வாசகத்தைப் படியுங்கள். "ஸ்கர்ட் போடலாமா?" என்று கேட்டால் பதில் சொல்பவர் தன் மனதைச் சொல்வார். "முழங்காலை மூடும் நீளம், ஒரே நிறம், பேன்ட் துணி, இதற்கு விதியில் தடை உண்டா?" என்று எழுத்தில் கேட்டால் அவர் விதியைத் திறந்து பார்க்க வேண்டிவரும்.

சட்டமே தடுத்த காலமும் உண்டு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடைக்கு எதிரான 1746-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை, அடுத்த முறை 7 ஆண்டு நாடு கடத்தல். 1782-இல்தான் நீக்கினார்கள். அது பெண் உடை என்பதற்காக வந்த தடை அல்ல, கலகக்காரர்களின் உடை என்பதற்காக வந்தது.

பார்ப்பவர்கள் இரண்டு மூன்று விநாடி பார்ப்பார்கள், பிறகு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். குழந்தைகள் கேட்பார்கள். "வசதியாக இருக்கிறது" என்றால் அவர்களுக்குப் போதும். பெரியவர்கள் கேட்டாலும் அதே பதில்தான், விளக்கம் நீள நீளக் கேள்வியும் நீளும். விளையாட்டு என்று துணியைத் தூக்கிப் பார்ப்பவர்கள் மட்டும் வேறு வகை. கில்ட் அணிபவர்களின் நெடுநாள் புகார் இது. ஒருவர் அனுமதியில்லாமல் உடைக்கு அடியில் படம் எடுப்பதைக் குற்றமாக்கி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019-இல் வந்த சட்டம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை.

சலவைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொக்கியையும் ஜிப்பையும் பூட்டி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். மடிப்பு வைத்ததை ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் பெரிய நூல் தையல் போட்டுவிட்டு நனையுங்கள், காய்ந்து இஸ்திரி போட்ட பிறகு நூலை உருவிக்கொள்ளலாம். பட்டியில் கிளிப் மாட்டித் தொங்கவிடும்போது நடுவில் ஒரு துண்டுத் துணி வையுங்கள், இல்லையென்றால் தடம் விழும். வெட்டும் முன் துவைக்க மறந்து ஸ்கர்ட் குட்டையாகிவிட்டால், விளிம்பில் 4 செ.மீ. மடித்திருந்தவர் பிழைத்தார். தையலைப் பிரித்து 2 செ.மீ. இறக்கலாம். பழைய மடிப்பின் கோடு தெரியும். வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டு இஸ்திரி வைத்தால் அது பெருமளவு மங்கும். கருநீல டெனிமில் மங்காது, அந்தக் கோட்டின் மேலேயே ஒரு தையல் ஓட்டி அலங்காரம் என்று சொல்லிவிடுங்கள்.